இடுப்பில் துப்பாக்கி, மேஜையில் சரக்கு! அமெரிக்க பார்களில் யார் சோதனை போடுவது?

நாஷ்வில்: 2009-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி ராத்திரி. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில் நகரில் ஒரு பார். அங்கே கணவன், மனைவி இரண்டு பேர் சேர்ந்து கரோக்கி நடத்திக் கொண்டிருந்தார்கள். இசையை மட்டும் ஓடவிட்டு, குடிக்க வந்தவர்களை மைக் பிடித்து பாட வைக்கிற தொழில். அதுதான் அவர்கள் பிழைப்பு.

அந்தப் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்த ஆள் ஒருவன் அன்று பாருக்குள் வந்து உட்கார்ந்திருந்தான். "அவனை வெளியே அனுப்பிவிடுங்கள்" என்று அந்தப் பெண் பார் நிர்வாகத்திடம் சொன்னார். அவர்களும் அவனிடம் போய் பேசினார்கள். அவ்வளவுதான். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை உருவி, மனைவியின் கண் எதிரிலேயே கணவனை சரமாரியாக சுட்டுத் தள்ளினான். பார் நிறைய ஆட்கள் இருந்தும் தடுக்க வழியில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனைவியிடமும் துப்பாக்கி இருந்தது. முறையாக லைசென்ஸ் வாங்கியது. ஆனால் அது வெளியே நிறுத்தியிருந்த காருக்குள் இருந்தது. மது விற்கிற இடத்துக்குள் துப்பாக்கி கொண்டு போகக்கூடாது என்று அப்போது டென்னசியில் சட்டம். சட்டத்தை மதித்து துப்பாக்கியை காரில் வைத்துவிட்டு வந்தவர் விதவையானார். சட்டத்தை மதிக்காமல் உள்ளே கொண்டு வந்தவன் சுட்டான். அவன் பிறகு கொலை வழக்கில் ஜெயிலுக்கு போனது வேறு விஷயம்.

இந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பார்த்தால், "பாருக்குள்ளும் துப்பாக்கியை விடுங்கப்பா" என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். டென்னசி சட்டசபையும் அதைத்தான் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு அங்கே நடந்ததை பார்த்தால் தலை சுற்றும்.

கவர்னர் தடுத்தார், சபை மதிக்கவில்லை

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மது பரிமாறும் ஓட்டல்களுக்குள் கைத்துப்பாக்கி கொண்டு போகலாம் என்ற மசோதா அந்த வருடம் டென்னசி சட்டசபையில் ஏற்கனவே பேசப்பட்டு வந்தது. கொலைக்குப் பிறகு வேகம் எடுத்தது. நிறைவேறியது.

அப்போது கவர்னராக இருந்தவர் பில் பிரெடசன். ஜனநாயகக் கட்சிக்காரர். துப்பாக்கி உரிமைக்கு எதிரி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரே மே 28-ந்தேதி "இதில் கையெழுத்து போட மாட்டேன்" என்று மசோதாவை திருப்பி அனுப்பிவிட்டார். துப்பாக்கியும் சாராயமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது துப்பாக்கி பிடிக்கிற எல்லோருக்கும் சொல்லித் தருகிற முதல் பாடம் என்பது அவர் வாதம். மாநிலத்து போலீஸ் அதிகாரிகள் பலரும் கவர்னர் பக்கம்தான் நின்றார்கள்.

ஆனால் டென்னசியில் ஒரு வசதி. கவர்னர் திருப்பி அனுப்பிய மசோதாவை மறுபடி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு எல்லாம் வேண்டாம். சபை உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். ஜூன் முதல் வாரத்திலேயே இரண்டு சபைகளும் கை தூக்கிவிட்டன. ஜூலை 14-ந்தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

பிறகு கோர்ட்டு. ஓட்டல் அதிபர் ஒருவர் உள்பட சிலர் வழக்கு போட்டார்கள். சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. "சாப்பாடு பிரதானமாக உள்ள ஓட்டல்" என்றால் துப்பாக்கி கொண்டு போகலாம், மற்ற இடம் என்றால் கூடாது என்கிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைகிறவனுக்கு எப்படித் தெரியும், இந்தக் கடையில் பிரியாணி வியாபாரம் அதிகமா, பீர் வியாபாரம் அதிகமா என்று? கல்லாப்பெட்டி கணக்கையா கேட்க முடியும்? 2009 நவம்பரில் நாஷ்வில் கோர்ட்டு, சட்டம் குழப்பமாக இருக்கிறது என்று சொல்லி ரத்து செய்தது.

சபை விடுமா? 2010-ல் மறுபடி வந்தார்கள். இந்த முறை ஓட்டல், பார் என்ற பேதமே இல்லை. மது லைசென்ஸ் உள்ள எல்லா இடத்துக்கும் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். கவர்னர் மறுபடி தடுத்தார். சபை மறுபடி மீறியது. சட்டம் வந்தேவிட்டது.

ரெண்டே கண்டிஷன்

அந்தச் சட்டத்தில் இரண்டு கண்டிஷன்கள். ஒன்று, கடைக்காரருக்கு பிடிக்கவில்லை என்றால் வாசலில் "துப்பாக்கிக்கு அனுமதி இல்லை" என்று போர்டு மாட்டிக் கொள்ளலாம். போர்டு இருந்தால் கொண்டு போகக்கூடாது. இரண்டாவது, துப்பாக்கி வைத்திருப்பவர் குடிக்கக்கூடாது. ஒரு சொட்டு கூட.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாருக்கு வா, துப்பாக்கியோடு வா, கோக் மட்டும் குடி. நண்பர்களோடு சாப்பிட வந்தவர், வேலைக்கு வந்த கரோக்கிக்காரர், காரோட்ட வேண்டியவர் என்று குடிக்காமல் பாரில் உட்காருகிற ஆட்கள் நிஜமாகவே உண்டு.

ஆனால் யார் பார்ப்பது?

இங்கேதான் விஷயம் இடிக்கிறது. இது மறைத்து எடுத்துச் செல்கிற துப்பாக்கி. சட்டைக்கு அடியில், இடுப்புப் பட்டையில், கைப்பைக்குள் இருப்பது. வெளியே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் அர்த்தமே. ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் "உங்களுக்கு பீர் கிடையாது சார்" என்று சர்வர் சொல்ல முடியும். தெரியவில்லை என்றால் எல்லோருக்கும் ஊற்றுவதைப் போல அவருக்கும் ஊற்றத்தான் செய்வார். போலீசாரும் ஒவ்வொரு மேஜையாக வந்து சட்டையை தூக்கிப் பார்க்கப் போவதில்லை.

ஆக, "குடிக்காதே" என்கிற கண்டிஷனை காப்பாற்ற வேண்டியவர் அந்த துப்பாக்கிக்காரர் ஒருவர்தான். முதல் பெக் போடும்போது அவருக்கு அந்தக் கண்டிஷன் ஞாபகம் இருக்கும். மூன்றாவது பெக்கில்? நம்ம ஊர் குடிமகன்களிடம் "நீ இன்னைக்கு எத்தனை ரவுண்டு போட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணே ஒண்ணுதான் மச்சி" என்றுதான் பதில் வரும். அமெரிக்க குடிமகன்கள் மட்டும் வேறு மண்ணில் செய்தவர்களா என்ன?

சட்டம் கொண்டு வந்தவரே சிக்கினார்

இது வெறும் கற்பனை வாதம் என்று சொல்பவர்களுக்கு டென்னசியே ஒரு பதில் வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தை சபையில் முன்னின்று கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் கரி டாட். குடியரசுக் கட்சி எம்.எல்.ஏ. சாதாரண ஆள் இல்லை. மெம்பிஸ் நகர போலீசில் வேலை பார்த்து வந்தவர். துப்பாக்கி என்றால் என்ன, போதை என்றால் என்ன என்று தொழில் முறையில் தெரிந்தவர்.

2011 அக்டோபரில் ஒரு நாள் இரவு நாஷ்வில்லில் அவருடைய காரை போலீசார் மடக்கினார்கள். நிதானத்தை சோதிக்கும் பரீட்சையில் அவர் தேறவில்லை. மூச்சுக் காற்று சோதனைக்கு சம்மதிக்கவில்லை. காருக்குள் பார்த்தால், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உறைக்குள் ஒரு .38 ரிவால்வர். குண்டு நிரப்பியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, போதையில் துப்பாக்கி வைத்திருந்தது என்று இரண்டு வழக்கு. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 48 மணி நேரம் ஜெயில்.

அவர் யாரையும் சுடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கவனியுங்கள். "லைசென்ஸ் வாங்கியவர்கள் பொறுப்பானவர்கள், துப்பாக்கி இருந்தால் குடிக்க மாட்டார்கள்" என்று சபையில் நின்று பேசிய அணியின் தலைவர் அவர். அவரை காட்டிக் கொடுத்தது காரை ஓட்டிய விதம். கார் ஓட்டாமல் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தால் அவர் இடுப்பில் இருந்தது கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

சட்டத்தை ஆதரிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். "சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே, நாஷ்வில் பார்களில் தினமும் ரத்த ஆறா ஓடியது?" என்பார்கள். இல்லை, ஓடவில்லை. எதிர்த்தவர்களில் சிலர் பயமுறுத்திய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலான லைசென்ஸ்காரர்கள் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். பிரச்சினை அவர்கள் இல்லை. ஒழுங்காக இல்லாத ஒருவரை கண்டுபிடிக்க, அவர் துப்பாக்கியை வெளியே எடுக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி அந்தச் சட்டத்தில் இல்லை என்பதுதான்.

சிவப்பு எழுத்தில் 51

மாநிலத்துக்கு மாநிலம் கூத்து வேறு. துப்பாக்கிக்கு பேர் போன டெக்சாசில் கூட பாருக்குள் அனுமதி கிடையாது என்றால் நம்புவீர்களா? ஒரு கடையின் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ, அங்கேயே உட்கார்ந்து குடிக்கிற மது விற்பனையில் இருந்து வந்தால் அங்கே துப்பாக்கிக்கு தடை. வாசலில் பெரிதாக சிவப்பு எழுத்தில் "51%" என்று போர்டு மாட்ட வேண்டும். கணக்கு பார்ப்பது மது லைசென்ஸ் கொடுக்கிற அரசுத் துறை. நுழைகிறவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, போர்டை பார்த்தால் போதும். டென்னசி கோர்ட்டு 2009-ல் கேட்ட கேள்விக்கு டெக்சாஸ்காரர்கள் முன்பே பதில் வைத்திருந்தார்கள். 2021-ல் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள டெக்சாஸ் அனுமதித்தது. அப்போதும் இந்த 51-ஐ மட்டும் எடுக்கவில்லை.

வர்ஜீனியா மாநில கதை இன்னும் வேடிக்கை. 2010 வரை அங்கே மது பரிமாறும் ஓட்டலுக்குள் துப்பாக்கியை மறைத்து கொண்டு போகக்கூடாது. ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம்! பீரும் குடிக்கலாம்! அதனால் கோட்டு போட்டுக்கொண்டு வந்த லைசென்ஸ்காரர், ஓட்டல் வாசலில் கோட்டை விலக்கி துப்பாக்கியை வெளியே காட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. 2010 ஜூலையில் சட்டத்தை மாற்றி, மறைத்தும் கொண்டு வரலாம், ஆனால் மறைத்தால் குடிக்கக்கூடாது என்றார்கள். கிறுக்குத்தனமாக தெரிந்தாலும் பழைய சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று சர்வருக்காவது தெரிந்தது.

அரிசோனா 2009-லும் ஒகையோ 2011-லும் டென்னசி வழியில் போனவை.

கவுபாய் காலத்தில் கூட இல்லை

கவுபாய் படம் பார்த்தவர்களுக்கு தெரியும். குதிரையில் வந்து இறங்குவான், இரண்டு பக்கமும் துப்பாக்கி தொங்க, மதுக்கடை கதவை காலால் தள்ளிக்கொண்டு நுழைவான். படத்தில் சரி. நிஜத்தில் அந்தக் காலத்து ஊர்கள் பலவற்றில் இதற்கு அனுமதியே இல்லை. கான்சாசில் உள்ள டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் துப்பாக்கி கொண்டு வர தடை என்று போர்டே வைத்திருந்தார்கள். அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற ஊரில் 1881-ல் சட்டம் போட்டார்கள். ஊருக்குள் வந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும், போகும்போது வாங்கிக்கொள்ளலாம். சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்துத் தள்ளிய ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை நடந்ததே, துப்பாக்கியை ஒப்படைக்காதவர்களிடம் அதை பறிக்கப் போனபோதுதான். 1881 அக்டோபர் 26.

இந்த பழங்கதைக்கு இன்று மவுசு வந்திருக்கிறது. 2022 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நியூயார்க் வழக்கு ஒன்றில் ஒரு தீர்ப்பு சொன்னது. துப்பாக்கிக்கு கட்டுப்பாடு போடுகிற எந்தச் சட்டமும் அந்த நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் சாரம். அன்று முதல் வக்கீல்கள் எல்லாம் சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஹவாய் மாநிலம் பார்களிலும் மது பரிமாறும் ஓட்டல்களிலும் துப்பாக்கிக்கு தடை போட்டது. வழக்கு வந்தது. 2024 செப்டம்பரில் 9-வது வட்ட அப்பீல் கோர்ட்டு பழைய சட்டங்களை புரட்டிப் பார்த்துவிட்டு, குடியையும் துப்பாக்கியையும் பிரித்து வைப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம்தான் என்று சொல்லி பார்களுக்கான தடையை அனுமதித்தது. அந்தக் காலத்தில் ஊர்ப்படை பயிற்சி நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சாராயம் விற்கவே தடை இருந்திருக்கிறது.

ஓர்லாண்டோவுக்குப் பிறகு

2016 ஜூன் 12-ந்தேதி புளோரிடா மாநிலம் ஓர்லாண்டோவில் இரவு விடுதி ஒன்றில் 49 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உள்ளே ஆட்டம் பாட்டத்தில் இருந்த யாராவது ஒருவர் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறு என்று அப்போது ஜனாதிபதி தேர்தலில் நின்று கொண்டிருந்த டிரம்ப் பேசினார்.

இதற்கு மறுப்பு வந்த இடம்தான் ஆச்சரியம். துப்பாக்கி உரிமைக்காக எந்த எல்லைக்கும் போகிற தேசிய ரைபிள் சங்கத்தின் பெரிய தலைகளே டி.வி.யில் வந்து, குடிக்கிற இடத்தில் துப்பாக்கி கூடாது என்றார்கள். டிரம்பும், காவலாளிகளையும் ஊழியர்களையும்தான் சொன்னேன் என்று இறங்கி வந்தார். சங்கத் தலைவர் வெய்ன் லபியரும் பிறகு, மது பரிமாறும் ஓட்டலுக்கு கொண்டு போகலாம், ஆனால் குடிக்கக்கூடாது என்று திருத்திக்கொண்டார். சுற்றிச் சுற்றி டென்னசி கண்டிஷனுக்கே வந்து நின்றது.

அந்த விடுதியில் காவல் பணியில் ஒரு போலீஸ் அதிகாரி துப்பாக்கியோடு இருந்தார், சுடவும் சுட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பயிற்சி பெற்ற, குடிக்காத, சீருடை போட்ட ஆளாலேயே அன்று அதை நிறுத்த முடியவில்லை.

டெல்லியில் நடந்தது மறந்துபோச்சா?

"அமெரிக்காக்காரன் அடிச்சுக்கிறான், நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர். ஜெசிகா லால்.

1999 ஏப்ரல் 29-ந்தேதி இரவு. டெல்லி மெஹ்ராலியில் குதுப் மினார் பக்கம் பணக்காரர்கள் கூடுகிற ஓட்டலில் பார்ட்டி. மாடல் அழகியான ஜெசிகா அன்று சரக்கு ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். நள்ளிரவு தாண்டி, கடை சாத்தியாச்சு, இனி கிடையாது என்றார். அரியானா காங்கிரஸ் பிரமுகரின் மகன் மனு சர்மாவுக்கு அது பொறுக்கவில்லை. முதல் குண்டு கூரையில். இரண்டாவது குண்டு ஜெசிகாவின் தலையில்.

அவரிடம் .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் இருந்தது. சரக்கு ஊற்றிய கடைக்குத்தான் லைசென்ஸ் இல்லை. அந்த பிஸ்டல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. சாட்சிகள் வரிசையாக பல்டி அடித்தார்கள். 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை. நாடே கொதித்த பிறகு, அதே வருடம் டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2020-ல் மனு சர்மா வெளியே வந்துவிட்டார்.

நம் நாட்டு லைசென்சில் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டங்களுக்கு ஆயுதத்தை எடுத்துப் போகக்கூடாது என்று கண்டிஷன் உண்டு. 2019-ல் சட்டத்தை திருத்தி, கல்யாண வீட்டில் குஷியில் கண்டபடி சுட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே என்று சேர்த்தார்கள். வட மாநில கல்யாண ஊர்வலங்களில் போதையில் வானத்தை நோக்கி சுட்டு, மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் செத்த கதைகள் அவ்வளவு இருந்தன. எல்லாமே சுட்ட பிறகு பிடிக்கிற சட்டம்தான்.

டெல்லி சம்பவத்தையும் நாஷ்வில் சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் லைசென்ஸ் இல்லாத பாரில் லைசென்ஸ் துப்பாக்கி. இன்னொன்றில் துப்பாக்கிக்கு தடை உள்ள பாரில் தடையை மீறிய துப்பாக்கி. இரண்டு இடத்திலும் "கிடையாது", "வெளியே போ" என்கிற ஒரு வார்த்தைக்குத்தான் துப்பாக்கி வெளியே வந்தது. அந்த வார்த்தையை தினமும் சொல்லியாக வேண்டியது பார் ஊழியரின் வேலை. கடை சாத்தும் நேரத்தில், போதையில் இருப்பவரிடம், பத்து பதினைந்து முறை சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் சட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சொல்ல வேண்டும்.

நாஷ்வில் விதவையின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா என்றால், முழுசாக இல்லை. தடை போர்டு அந்த கொலைகாரனை தடுக்கவில்லை. அது உண்மை. வாசலிலேயே எல்லோரையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டிருந்தால் தடுத்திருக்கலாம். பெரிய இரவு விடுதிகள் சில அப்படி செய்கின்றன. தெருமுனை பாருக்கு அந்த செலவு கட்டுப்படியாகாது.

டென்னசி இப்போது இன்னொரு படி தாண்டிவிட்டது. பாருக்குள் விடச் சொல்லி 2009-ல் வாதாடியபோது ஆதரவாளர்கள் காட்டிய பெரிய ஆதாரமே லைசென்ஸ்தான். வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, சுட்டுக்காட்டி வாங்கியவர்கள் இவர்கள் என்றார்கள். 2021 ஜூலை 1-ந்தேதி முதல் அந்த மாநிலத்தில் 21 வயது தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல லைசென்சே தேவையில்லை. வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. குடிக்கக்கூடாது என்ற கண்டிஷன் மட்டும் அப்படியே இருக்கிறது.